ஐந்தில் மூன்று

நடேசனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். 1969 ஜூலை. பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலை. அங்கே பிரஷர் கேஜ் செய்தோம். பாய்லரிலும் ரயில் எஞ்சினிலும் நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்று முள் காட்டிச் சொல்லும் வட்டமான கருவி அது. கேஜுக்குள் மயிரிழை போலச் சுருண்ட ஒரு கம்பியைப் பொருத்தி, முள்ளை வைத்து, மாஸ்டர் கேஜ் காட்டுவதையே இதுவும் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது எங்கள் பகுதியின் வேலை. அந்தக் கம்பிக்கு ஹேர் ஸ்பிரிங் என்று பெயர். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். கை நடுங்கினால் மடங்கிவிடும். மடங்கியது மடங்கியதுதான், நிமிர்த்த முடியாது.

நடேசனின் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்தவர். என் அப்பா திருமுல்கேரியில் ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க். இரண்டு குடும்பமும் வட ஆற்காட்டிலிருந்து, தெலுங்கும் உருதுவும் பேசும் இந்த ஊருக்கு வந்தவை. நடேசன் ஸ்டேஷனில் ஃபாக்டரி பஸ் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பான். நான் திருமுல்கேரியில் ஏறுவேன். போயின்பள்ளி வருவதற்குள் முந்தின நாள் கதை அத்தனையும் பேசி முடித்துவிடுவோம்.

வேலையில் அவன்தான் முதல். நாங்கள் ஒரு ஷிப்டில் ஒன்பது கேஜ் முடித்தால் அவன் பன்னிரண்டு முடிப்பான். ட்வீசரில் ஸ்பிரிங்கைத் தூக்கி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறக்கிவைப்பான். அது தன் இடம் தெரிந்து போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஃபோர்மேன் வரதராஜன் புதியவர்களைக் கூட்டிவந்து அவன் பின்னால் நிறுத்தி, "கையைப் பாருங்கோ, கையை மட்டும் பாருங்கோ" என்பார்.

1974-இல் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேர். நான்காவதாக நடேசன் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில், இந்த இடம் எஸ்.சி. ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகிறது என்று இருந்தது.

அதுவரை யாரும் அவனை அப்படி யோசித்திருக்கவில்லை, அல்லது யோசித்ததை வெளியில் காட்டியதில்லை. அன்று கேண்டீனில் எங்கள் பகுதியில் வேலை பார்த்த புருஷோத்தமன் சிரித்துக்கொண்டே, "க்யா ரே நடேசா, ஸ்டார் ஆயிட்டே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நடேசனும் சிரித்தான். நானும்தான்.

புருஷோத்தமனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. நடேசன் மனைவி சாந்தாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது, லோகோ ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் அவன்தான். அவனுக்கு அது ஒரு வேடிக்கை. கூப்பிட ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கேஜ் ஒன்று திரும்பி வந்தது. முள் தளர்ந்துவிட்டது. நம்பரைப் பார்த்தால் நடேசன் செய்தது. ஆறு வருஷத்தில் அவனுடையது திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. "ஸ்டார் கேஜ் வாபஸ் ஆகயா" என்றான் புருஷோத்தமன். பின்னாலிருந்து ஒருவன், "கோட்டாவுல வந்தா அப்படித்தான்" என்றான். யார் என்று தெரியவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து என்னுடையவை இரண்டு திரும்பி வந்தன. ஒரே பெட்டியில். "எபன், அன்னிக்கு ஊட்ல சண்டையா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தான் அதே புருஷோத்தமன். என் தப்பு அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. நடேசனுடையது தீரவில்லை.

அதன் பிறகு நடேசன் ஒவ்வொரு கேஜையும் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தான். முள்ளை வைப்பான், எடுப்பான், மறுபடி வைப்பான். பாட்டு நின்றுபோயிற்று. புது மாதிரி கேஜ் வந்தால் நாங்கள் வரதராஜனிடம் போய்ச் சந்தேகம் கேட்போம். அவன் கேட்க மாட்டான். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏன் கேட்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ கேட்டா சந்தேகம். நான் கேட்டா இவனுக்குத் தெரியாதுன்னு ஆயிடும்" என்றான்.

நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு வேலைக்கு வந்தான். லீவு போட்டால் என்ன சொல்வார்கள் என்று அவனே எனக்குச் சொல்லிக் காட்டினான். பன்னிரண்டு பத்தாயிற்று. பத்து எட்டாயிற்று. 1977-இல் ஏழு. இப்போது பின்னாலிருந்து பேசியவர்கள் முன்னால் வந்தே பேசினார்கள். அவர்கள் கையில் கணக்கு இருந்தது. வரதராஜன் இரக்கப்பட்டு, சுலபமான சின்ன கேஜ்களை அவன் மேஜைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் அதைக் கவனித்தார்கள். அவனும் கவனித்தான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து லாலாகுடாவில் அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று சாந்தா பாய் விரித்தாள். நடேசன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மூன்று வயது மகள். முன்னால், பக்கத்து வீட்டுக்காரரின் அலாரம் கடிகாரம் பிரித்துப் போட்டுக் கிடந்தது. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவன் என்னோடு பேசிக்கொண்டே, சாந்தாவிடம் வெங்காயம் இன்னும் வதங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே, கடிகாரத்தின் ஸ்பிரிங்கை எடுத்தான். கேஜில் இருப்பதைவிட மெல்லியது. ஒரே இறக்கு. உட்கார்ந்துவிட்டது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"இதே கைதானேப்பா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவன் குழந்தையை மடியில் சரியாக உட்கார வைத்தான். "இங்க என் கை மட்டும்தான் வேலை செய்யுது, எபன். அங்க போனா எங்க ஜனமே மொத்தமா வந்து இந்த ரெண்டு விரல்ல உக்காந்துக்குது. நான் ஒண்ண ஒடச்சா எல்லாரும் ஒடச்ச மாதிரி. இன்னா பண்றது சொல்லு."

சாந்தா அடுப்பருகிலிருந்து, "நைட்ல தூக்கத்துல விரல ஆட்டறாருண்ணா. இப்படி இப்படின்னு எதையோ எடுத்து வைக்கிறாரு" என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

1978 மார்ச்சில் இரண்டு சார்ஜ்மேன் இடங்கள் காலியாயின, ஒன்று பொது, ஒன்று ஒதுக்கீடு. சார்ஜ்மேன் என்றால் ஆறு பேர் வேலையை மேற்பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். அதற்கு ஒரு கைவேலைப் பரீட்சை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு கேஜைப் பொருத்தி முடிக்க வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து கிலோ என ஐந்து இடங்களில் அது மாஸ்டர் கேஜோடு ஒத்துப்போக வேண்டும். பொது இடத்துக்கு ஐந்தில் ஐந்தும். ஒதுக்கீட்டு இடத்துக்கு மூன்று போதும் என்று தளர்வு உண்டு.

நடேசன் ஒரு கடிதம் எழுதி என்னிடம் காட்டினான். இங்கிலீஷில் நான்கு வரி. தனக்கு எந்தத் தளர்வும் வேண்டாம், மற்றவர்களுக்கு என்ன அளவோ அதையே வைத்துத் தன்னைத் தேர்வு செய்யும்படி கேட்டுக்கொள்வதாக எழுதியிருந்தான். ஸ்பெல்லிங் சரியா பார் என்றான். சரியாகத்தான் இருந்தது.

"எதுக்குடா இது? கெடைக்கிறத வாங்கிக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அஞ்சு அடிச்சுக் காட்டறேன். அப்புறம் அந்த ஸ்டார எவன் போடறான்னு பாக்கறேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய நடேசனைப் பார்த்தேன். இரண்டு வாரம் தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து பழகினான். நான் கடிகாரம் பார்ப்பேன். பதினான்கு தடவை செய்தான். பதினான்கு தடவையும் ஐந்துக்கு ஐந்து. ஒரு தடவை இருபத்தெட்டு நிமிஷத்தில் முடித்தான். நான் செய்ததில் நல்லது முப்பத்து நாலு. கடிதத்தை வாங்கிப் படித்த வரதராஜன், "ரோஷக்காரன்!" என்று சிரித்து, மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

பரீட்சை அன்று ஏழு பேர் உட்கார்ந்தோம். எனக்கு அடுத்த மேஜை நடேசன். மணி அடித்ததும் தொடங்கினோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். பத்தாவது நிமிஷம் அவன் ஸ்பிரிங்கை இறக்கினான். அழகாக இறக்கினான். உதடு அசைவதுகூடத் தெரிந்தது, பாட்டுத்தான்.

அப்போது வரதராஜன் வந்தார். என்னைக் கடந்துபோகையில், "என்ன எபனேசர், நீங்க நன்னாப் போயிண்டிருக்கேள்" என்று தோளில் தட்டினார். பிறகு நடேசன் பக்கம் குனிந்து, அப்பா பிள்ளையிடம் பேசுவதைப் போல மெல்லிய குரலில் சொன்னார்.

"நடேசா, டென்ஷனே வேண்டாம்ப்பா. யாரும் உங்கிட்ட ரொம்ப எதிர்பார்க்கலை. மூணு வந்தாப் போறும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவர் மனதார, அன்பாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நடேசனின் உதடு நின்றது. சரியாக உட்கார்ந்திருந்த ஸ்பிரிங்கை மறுபடி பார்த்தான். கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தான். ட்வீசரை எடுத்தான். வேண்டாம், எடுக்காதே என்று எனக்கு உள்ளே கத்தியது. பரீட்சையில் பேசக் கூடாது. அவன் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தான். திரும்ப வைத்தான். மறுபடி எடுத்தான். மூன்றாவது தடவை விரல் நடுங்கியதைப் பார்த்தேன். ஸ்பிரிங் மடங்கியது.

கையைத் தூக்கினால் வேறு ஸ்பிரிங் கொடுப்பார்கள். என்னோடு உட்கார்ந்த இரண்டு பேர் அன்று கை தூக்கி வாங்கினார்கள். நடேசன் தூக்கவில்லை. தலை நிமிராமல், மடங்கியதை நிமிர்த்தப் பார்த்தான். நிமிர்த்த முடியாது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். என் தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அதை அவன் பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன். அவன் பார்த்தான். இல்லை என்று தலையசைத்துவிட்டுத் தன் வேலைக்குக் குனிந்தான். நெற்றி வியர்வை கேஜின் முகத்தில் சொட்டியது.

என்னுடையது ஐந்துக்கு ஐந்து. அவன் கேஜைப் பம்பில் மாட்டினார்கள். இரண்டு கிலோ சரி. நான்கு சரி. ஆறு சரி. எட்டில் முள் இழுத்துக்கொண்டு நின்றது. பத்துக்குப் போகவே இல்லை.

"மூணு" என்று வரதராஜன் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

கடிதத்தை அவன் ஞாபகப்படுத்தினான். வெளியில், வராந்தாவில். நானும் நின்றிருந்தேன். "சார், நான் எழுதிக் குடுத்தேனே. மூணு எனக்கு ஃபெயில் சார்."

"அசடு மாதிரிப் பேசாதே. சம்சாரி நீ. ரூல் இருக்கு, உனக்கு உரிமை இருக்கு, நான் எதுக்கு அதைத் தடுக்கணும்? அந்தக் கடுதாசு மேலே போகலை. கிழிச்சுட்டேன்" என்றார். அவன் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். முதலில் என் பெயர். இரண்டாவது நடேசன் பெயர், பக்கத்தில் நட்சத்திரம். கேண்டீனில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். "எங்களுக்கு அஞ்சு, அவங்களுக்கு மூணு. ஆனா சம்பளம் ஒண்ணு, ஹை நா?" என்று யாரோ சொல்வது கேட்டது. உண்மையைத்தான் சொன்னான். மூன்றுதான் வந்தது. மூன்றுக்குத்தான் கொடுத்தார்கள். அந்தப் பதினான்கு தடவையையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னேன். பழகும்போது இருபத்தெட்டு நிமிஷத்தில் முடித்தான் என்று சொன்னேன். "தோஸ்துக்காக சொல்றே" என்றார்கள்.

அன்று சாயங்காலம் நடேசன் ஸ்டேஷன்வரை போகாமல் என்னோடு திருமுல்கேரியில் இறங்கினான். இரானி ஓட்டலில் உட்கார்ந்தோம். டீ வந்தது. அவன் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தான். நான் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொல்லத் தொடங்கினேன்.

"நடேசா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க தாத்தா..."

"தேவபிச்சை" என்றான் அவன்.

நான் நிமிர்ந்தேன்.

"ராணிப்பேட்டையாண்ட. எங்கம்மா பொறந்த ஊரு. அதே சேரி, அதே தெரு. என் கல்யாணத்துக்கு வந்த எங்க மாமா உன்னப் பாத்துட்டு, இது தேவபிச்சை பேரன்தானேன்னு கேட்டாரு. எனக்கு ஏழு வருஷமா தெரியும் எபன்."

என் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியவர். கிறிஸ்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆகவே என் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட வழியில்லை. யாராவது நீங்க யார் என்று கேட்டால் சி.எஸ்.ஐ. என்று சொல், இந்த ஊரில் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே நடந்தது. யாரும் கேட்கவில்லை.

"ஏன்டா இவ்ளோ நாள் சொல்லல?"

"நீயா சொல்லாதத நான் ஏன் சொல்லணும்?"

"நாளைக்கே சொல்லிடறேன். கேண்டீன்ல, எல்லார் முன்னாலயும். அஞ்சு அடிச்சவனும் அதே தெருதான்னு சொல்றேன். புருஷோத்தமன் என்ன சொல்றான்னு பாக்கலாம்."

நடேசன் சாஸரைக் கீழே வைத்தான்.

"சொன்னா இன்னா ஆவும்? என் கை வேகமா ஆயிடுமா? உன் கை மெதுவா ஆயிடும். அவ்ளோதான். வுடு."

"அப்படி இல்லடா..."

"வுடு எபன். ஒருத்தனாவது நிம்மதியா வேலை செய்யட்டும்."

அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை மறைத்தால் இந்தக் கதையை நான் சொல்வதில் பொருளில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவன் விட்டுக்கொடுத்ததும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பில்லை நான் கொடுத்தேன். அவன் சிட்டி பஸ் ஏறிப் போனான். வீட்டுக்கு வந்து என் மனைவி லோயிஸிடம் பதவி உயர்வைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். எனக்கு ஜெபம் வரவில்லை.

சார்ஜ்மேன் வேலையில் நடேசன் ஐந்து மாதம் இருந்தான். அவனுக்குக் கீழே ஆறு பேர். அதில் புருஷோத்தமன் ஒருவன். தப்பாக வந்த கேஜை அவனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. திருப்பினால், மூணு மார்க்கு வாங்கினவன் எனக்குச் சொல்ல வந்துட்டான் என்பார்கள் என்று அவனுக்குத் தோன்றும். எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, மற்றவர்கள் கெடுத்ததை எல்லாம் தானே சரிசெய்து கையெழுத்துப் போட்டான். ஒருநாள் வரதராஜன் பார்த்துவிட்டார். "பாவம், அவனுக்கு அதிகாரம் பண்ணத் தெரியலை" என்று என்னிடம் வருத்தப்பட்டார். இல்லை சார் என்றேன். அதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் அவனே எழுதிக்கொடுத்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். சொந்த விருப்பத்தின் பேரில் என்று உத்தரவில் இருந்தது. அங்கே கேட்டதை எடுத்துக் கொடுப்பதும் பதிவு செய்வதும்தான் வேலை. அளந்து பார்க்க ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து ஏதோ வாங்கப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. "இங்க பேஜாரே இல்லப்பா" என்று சிரித்தான். மகளை ஸ்கூலில் சேர்த்ததைச் சொன்னான். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் பகுதியில் அவனைப்போல ஸ்பிரிங் வைக்கிறவன் அதற்குப் பிறகு வரவில்லை.

அன்று பஸ்ஸில் புருஷோத்தமன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நடேசன் ஸ்டோர்ஸ்ல குஷியா கீறானாமே?"

"ஆமா. பாத்தேன்."

"நல்லதுதான். அவங்களுக்கு அந்த மாதிரி வேலைதான் செட் ஆவும். இந்த நைஸ் வேலைக்கெல்லாம் அந்தக் கை நக்கோ, ஆவாது. நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. நீயே பாத்தியே, இல்லியா?"

பஸ் போயின்பள்ளியில் நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் இரண்டு கையும் டிபன் கேரியரைப் பிடித்திருந்தன.

"ஹவ்" என்று ஆமாம் போட்டேன்.